உருகிய பிளாஸ்டிக் ஏன் ஓட மறுக்கிறது?

அக்ரிலிக் பிளாஸ்டிக்கை 200 டிகிரி செல்சியஸில் உருக்கினால் தேனைவிடக் கெட்டியாக, மெல்ல வழியும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகக் கார்பன் நானோகுழாய்களைக் கலந்தால், மெதுவாகத் தள்ளும்போது திடப்பொருள்போல் முரண்டு பிடிக்கத் தொடங்கும்.

ஏன்? இக்குழாய்களின் தடிமன் சில நானோமீட்டர்தான். நீளமோ அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். அள்ளிப்போட்ட வைக்கோல்போல் குறுக்கும் நெடுக்குமாக விழுந்து, கலவை முழுவதும் வலையாகிவிடுகின்றன. இடையில் சிக்கிய பாலிமர் சங்கிலிகளால் தாராளமாக நெளிய முடிவதில்லை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு 2004இல் வெளியிட்ட அளவீடு எனக்கு மிகவும் பிடித்தது. ஓட்டம் தடைபட எடையில் 0.12 சதவீதக் குழாய் போதும். மின்சாரம் பாய 0.39 சதவீதம் வேண்டும். எலெக்ட்ரான் தாவுவதற்குக் குழாய்கள் ஏறத்தாழ 5 நானோமீட்டருக்குள் நெருங்க வேண்டும். ஓட்டத்தைத் தடுக்க அவ்வளவு நெருக்கம் தேவையில்லை. நடுவே ஒரு பாலிமர்ச் சுருள் பாலமாக நின்றாலே போதும்.

அப்படியானால் அச்சில் வார்ப்பது எப்படி? வேகமாகத் தள்ளினால் வலை அறுந்து, குழாய்கள் ஓட்டத்தின் திசையில் வரிசைகட்டும்; பிசுபிசுப்பு குறையும். ஆனால் அந்த வரிசையே மின்பாதையையும் குலைத்துவிடும். உருகிய நிலையிலேயே சற்று நேரம் அசையாமல் விட்டால், வலை மீண்டும் பின்னிக்கொள்ளும்.