ரெண்டாவது மிதி... ஜாக்கிரதை!

ஒரே ஆள், ஒரே கிடார். ஆனா, பின்னாடி ஒரு குரூப்பே வாசிக்கிற மாதிரி எஃபெக்ட்! 2025 பிப்ரவரி 5-ம் தேதி சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தைக் கலக்கிட்டுப் போன எட் ஷீரன் உலகம் முழுக்கப் பேர் வாங்கினது இந்த வித்தையிலதான். ரகசியம், காலடியில இருக்கிற 'லூப்பர்' பெடல்.

பெரும்பாலான பெடல்கள்ல மேட்டர் சிம்பிள். முதல் மிதியில பதிவு ஆரம்பம். ரெண்டாவது மிதியில பதிவு முடிஞ்சு, வாசிச்சது உடனே திரும்ப ஓடும். இந்த ரெண்டு மிதிக்கும் நடுவுல உள்ள நேரம்தான் லூப்போட நீளம். அடுத்து மிதிச்சா ஓவர்டப்: பழசு அழியாது, அது மேலயே புதுசு சேரும்.

1973-ல ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் ஆல்பம் போட்டப்ப பெடல் கிடையாது, ரெண்டு டேப் ரெக்கார்டர்தான். ஒண்ணுல பதிவான டேப் நகர்ந்து அடுத்ததுல ஒலிக்கும். அந்த ஒலி மறுபடி முதல் மெஷினுக்கே போகும். நொடிக்கு 15 அங்குலம் ஓடுற டேப், நடுவுல 75 அங்குல இடைவெளின்னா லூப் 5 நொடி. ஸ்கூல் பிசிக்ஸ்! அந்த டேப் வேலையை இப்போ மெமரி சிப் பார்க்குது. 2001-ல வந்த பாஸ் ஆர்.சி-20 பெடல்லயே ஐந்தரை நிமிஷம் பதிவு பண்ணலாம்.

இப்போ நம்ம பக்கம் வருவோம். விழுப்புரம் மாவட்டம் இரும்பை, சம்பந்தர் பாடின மாகாளேஸ்வரர் கோயில் உள்ள ஊர். அங்க ஒரு தவில் வித்வானோட நீங்க லூப்பர் வாசிக்கிறதா வெச்சுக்குங்க. ஆதி தாளம், 8 அட்சரம். நிமிஷத்துக்கு 80 அட்சரம்னா, ஒரு ஆவர்த்தனம் 6 நொடி. ரெண்டாவது மிதி 0.1 நொடி லேட்டானா லூப் 6.1 நொடி ஆயிடும். முதல் சுத்துல யாருக்கும் தெரியாது. பத்தாவது சுத்து முடியறப்ப லூப் 1 நொடி பின்தங்கிடும். அதாவது ஒரு அட்சரத்துக்கும் மேல! பக்கவாத்தியக்காரர்னா காதுல வாங்கிச் சமாளிச்சுடுவார். பெடலுக்கு அந்த இங்கிதம் தெரியாது பாஸ்!

அதனால, கடைசி ஸ்வரம் முடிஞ்சதும் மிதிக்காதீங்க. அடுத்த சமம் விழுற அந்த இடத்துல மிதிங்க.

சாதாரண பெடல்ல எத்தனை ஓவர்டப் போட்டாலும் முதல் நீளம் மாறாது. 8 அட்சர லூப் மேல 7 அட்சர மிஸ்ர சாபு ஏத்தினா, ஒண்ணு மேல ஒண்ணு விழுந்து குழம்பிடும். ரெண்டும் 56 அட்சரத்துக்கு ஒருமுறைதான் சேரும். முதல்லயே 7 ஆவர்த்தனம், அதாவது 42 நொடி பதிவு பண்ணிட்டா பிரச்னை தீர்ந்தது.

இன்னொண்ணு, ஓவர்டப் ஏற ஏற சத்தமும் கூடும். எல்லை தாண்டினா பிசிறடிக்கும். அதனால ஒவ்வொரு அடுக்கையும் அடக்கி வாசிங்க. பல பெடல்கள்ல 'அண்டூ' கடைசி அடுக்கை மட்டும்தான் எடுக்கும். அடியில இருக்கிற தப்பு அப்படியே சுத்திக்கிட்டு இருக்கும்.

கல்ச்சுரல்ஸ் மேடை ஏறுற மக்களே, விரல் பழகினா மட்டும் போதாது... காலுக்கும் தாளம் பழக்குங்க!