‘லாஸ்ட் நேம்’ பெட்டியில் என்ன எழுதுவது?

ஆன்லைனில் விண்ணப்பம் போட்ட எவருக்கும் அந்த இரண்டு பெட்டிகளைத் தெரியும். முதல் பெட்டி ‘ஃபர்ஸ்ட் நேம்’. அடுத்தது ‘லாஸ்ட் நேம்’; சில இடங்களில் ‘சர்நேம்’. இரண்டின் ஓரத்திலும் சிவப்பு நட்சத்திரம், அதாவது கட்டாயம் நிரப்ப வேண்டும். முதலாவதில் பெயரை அடித்துவிடலாம். இரண்டாவதில்? செலியமேட்டுப் பிள்ளைக்கு இருப்பது ஒரு பெயரும், அப்பா பெயரின் முதல் எழுத்தும்தான். அந்த ஒற்றை எழுத்தை அடித்தால் குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்கிறது. புள்ளி வைத்தால் புள்ளி கூடாது என்கிறது. காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்காது. கடைசியில் இன்டர்நெட் சென்டர்காரர் கைக்கு வந்ததை அடித்து அனுப்பிவிடுகிறார். சில மாதம் கழித்துப் பார்த்தால் ஆதாரில் ஒரு மாதிரி, மதிப்பெண் பட்டியலில் ஒரு மாதிரி, வங்கிக் கணக்கில் ஒரு மாதிரி. ஒரே பிள்ளை மூன்று பேராகி நிற்க, கல்வி உதவித்தொகை வராமல் நிற்கிறது.

இந்தப் பெட்டி தானாக முளைத்ததல்ல. யாரோ ஒரு வெப் டெவலப்பர் உட்கார்ந்து எழுதியது. அவருடைய அன்றாட வேலையில் பெரும்பகுதி இதுதான்: படிவம் அமைப்பது, அதில் விழும் தகவலைச் சரிபார்ப்பது, டேட்டாபேஸில் சேர்த்துவைப்பது. இணையப் பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் ‘ரிக்வயர்டு’ என்று ஒரு சொல் உண்டு. அதைச் சேர்த்தால் பெட்டி கட்டாயம், எடுத்துவிட்டால் விருப்பம். ‘மின்லென்த்’ 2 என்று எழுதினால் ஒற்றை இனிஷியல் வெளியே. ஆங்கில எழுத்து மட்டும் என்று விதி எழுதினால் தமிழ் வெளியே, புள்ளியும் வெளியே. எழுதியவருக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமில்லை. அவர் படித்த பாடத்தில் அப்படித்தான் இருந்தது, வெள்ளிக்கிழமைக்குள் வேலையை முடித்தாக வேண்டும், எடுத்து ஒட்டிவிட்டார்.

தமிழில் எழுத அனுமதித்தாலும் இன்னொரு வம்பு இருக்கிறது. ‘கி’ நமக்கு ஓர் எழுத்து. யூனிகோடு முறையில் கணினிக்கு அது ‘க’வும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு. ‘முத்துக்கிருஷ்ணன்’ நம் கணக்கில் ஒன்பது எழுத்து, கணினி கணக்கில் பதினேழு. பெயருக்குப் பதினைந்து இடம் போதும் என்று எவராவது முடிவு செய்திருந்தால் முத்துக்கிருஷ்ணன் பாதியில் வெட்டுப்படுவார்.

அரசுப் படிவங்களும் இதில் சளைத்தவை அல்ல. பான் கார்டுக்குப் பல ஆண்டுகள் புழங்கிய 49ஏ படிவத்தில் இனிஷியலுக்கு இடமில்லை. விரித்துத்தான் எழுத வேண்டும். அதன் விளக்கக் குறிப்பில் எடுத்துக்காட்டாக வந்தவர் நம் பக்கத்துக்காரர், எம்.எஸ்.கந்தசாமி. கந்தசாமியை லாஸ்ட் நேமில் போடு, மதுரையை ஃபர்ஸ்ட் நேமில் போடு, சோமசுந்தரத்தை நடுவில் போடு என்றது குறிப்பு. ஊர் பெயராகிவிட்டது, பெயர் குடும்பப் பெயராகிவிட்டது! 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று பிறகு தளர்த்தினார்கள். இடைப்பட்ட நாட்களில் சர்நேம் இல்லாதவர்கள் தவித்தார்கள்.

ஏன் இல்லை என்ற கேள்விக்கு வருவோம். சர்நேம் இருக்கும் வட இந்தியாவில் அந்தப் பெட்டியில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது சாதி. சர்மா, மிஸ்ரா, அகர்வால் என்று படித்தவுடன் ஆளை எடைபோட்டுவிடலாம். தமிழ்நாட்டில் அந்த வாலை வெட்டச் சொல்லி 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். பட்டம் வைத்திருந்தவர்களுக்கு அது துறவு. சேரி மக்களுக்குத் துறக்கப் பட்டம் ஏது? சூத்திரன் பெயர் இழிவைக் காட்ட வேண்டும் என்று மனுதர்மத்தின் இரண்டாம் அத்தியாயம் விதிக்கிறது; சூத்திரனுக்கே அப்படியென்றால் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்களின் பெயர் எந்த லட்சணத்தில் மதிக்கப்பட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்குத் தாங்கள் விரும்பிய நல்ல பெயரை வைப்பதே நம் பாட்டன் பாட்டிகளுக்கு ஒரு போராட்டம். ஆகவே பெயர்ப் பெட்டி நமக்கு வெறும் பெட்டியல்ல.

இதில் புதுச்சேரிக்குத் தனிக்கதை உண்டு, நம் கல்லூரிப் பிள்ளைகளில் பலருக்கே தெரியாத கதை. 1881 செப்டம்பர் 21இல் பிரெஞ்சு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. இந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தின் கீழ் வரலாம். அப்படி வருகிறவர் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டும். ‘ரெனோன்சான்’, துறந்தவர்கள், என்று இவர்களுக்குப் பெயர். முன்னின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. ஐரோப்பியர் போல் காலணி அணிந்து நீதிமன்றம் வந்ததற்காகத் தடுக்கப்பட்டு, பாரிஸ் நீதிமன்றம் வரை போய் வென்றவர் அவர். தனக்கு அவர் எடுத்துக்கொண்ட குடும்பப் பெயர் ‘லப்போர்த்’. பிரெஞ்சில் கதவு என்று பொருள். அவர் வேளாளர். ஆனால் அந்தக் கதவு வழியாக அதிகம் நுழைந்தவர்கள் கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும்தான். சாதியைச் சொல்லாத ஒரு புதுப் பெயரைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்றபோது, இழக்க ஒன்றுமில்லாதவர்கள் முதலில் கை நீட்டினார்கள். அதில் பலர் சைகோனுக்குக் கப்பலேறி பிரெஞ்சு அரசு வேலைகளில் அமர்ந்தார்கள். ஆக, ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டம் இந்த மண்ணில் ஒருமுறை விடுதலைக்கும் வழிவிட்டிருக்கிறது. அன்று அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை நிரப்பியவர் தீர்மானித்தார். அதுதான் வேறுபாடு.

இன்று நம் பிள்ளைகள் பாகூரிலும் வில்லியனூரிலும் இருந்து பஸ் ஏறிப் படித்து, சென்னையிலும் பெங்களூரிலும் வெப் டெவலப்பர்களாகச் சேர்கிறார்கள். மகிழ்ச்சி. சேர்ந்த இடத்தில் முதல் வாரமே “முழுப் பெயர் என்ன, சர்நேம் என்ன” என்ற விசாரணை தொடங்கிவிடுகிறது. பெயரில் பிடிபடாவிட்டால் ஊர், சாப்பாடு, எந்தக் கோட்டாவில் சீட் என்று விசாரணை நகரும். அமெரிக்காவுக்குப் போனாலும் இது விடுவதில்லை. 2020 ஜூனில் கலிபோர்னியா மாநிலத் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. ஐஐடியில் இடஒதுக்கீட்டில் படித்தவர் என்பதை உடன் படித்த மேலாளர் அலுவலகத்தில் சொன்னார், அதன்பின் தலித் பொறியாளர் ஒதுக்கப்பட்டார் என்பது புகார். நிறுவனம் மறுத்தது. 2023இல் இரண்டு மேலாளர்கள் மீதான வழக்கை மட்டும் துறை திரும்பப் பெற்றது. ஆனால் மென்பொருள் துறையில் சாதி இல்லை என்ற பேச்சு அந்த வழக்கோடு பழைய கம்பீரத்தில் எடுபடுவதில்லை.

இப்போது புதிய மென்பொருள் வந்திருக்கிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பிறகு, டெவலப்பர்கள் பலர் நிரலை ஏஐயிடமே கேட்டு வாங்குகிறார்கள். பதிவுப் படிவம் ஒன்று எழுதிக் கொடு என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதே ஃபர்ஸ்ட் நேம், லாஸ்ட் நேம், அதே ‘ரிக்வயர்டு’. ஏற்கெனவே இணையத்தில் கிடக்கும் லட்சக்கணக்கான படிவங்களைப் படித்து வளர்ந்தது அது. வேறு எதைத் தரும்? 2025இல் எம்ஐடி டெக்னாலஜி ரிவ்யூ இதழில் ஒரு செய்தி வந்தது. பெங்களூரில் தலித் ஆய்வாளர் ஒருவர் தன் விண்ணப்பத்தின் ஆங்கிலத்தைத் திருத்த சாட்ஜிபிடியிடம் கொடுத்தார். ஆங்கிலத்தைத் திருத்தியது, கூடவே அவருடைய சர்நேமையும் ‘சர்மா’ என்று மாற்றிவிட்டது. ஆய்வாளர் என்றால் சர்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று இயந்திரத்துக்கு யாரும் வகுப்பெடுக்கவில்லை. அதற்குக் கிடைத்த எழுத்துகளில் அப்படி இருந்தது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பேட்ரிக் மெக்கென்சி என்ற டெவலப்பர் 2010லேயே, மனிதப் பெயர்கள் பற்றி நிரல் எழுதுபவர்கள் நம்பும் 40 பொய்களைப் பட்டியலிட்டார். எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்பது அதில் ஒன்று. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பும், பெயரைத் துண்டாக்கும் தேவை உண்மையிலேயே இருக்கிறதா என்று யோசி, இல்லையென்றால் முழுப் பெயருக்கு ஒரே பெட்டி வை என்கிறது. பிரிட்டன் அரசு தன் இணையச் சேவைகளுக்கு வைத்திருக்கும் வடிவமைப்பு வழிகாட்டியும் ஒரே பெட்டிதான் பல வகைப் பெயர்களுக்கும் இடம் தரும் என்கிறது. லண்டனில் முடிகிறது, நம் விண்ணப்பங்களில் ஏன் முடியாது என்று கேட்கத்தான் ஆளில்லை.

கேட்கும் ஆள் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். நான்கு பேர் கூடி வடிவமைப்பைப் பேசும்போது, “எங்க அப்பாவுக்கு சர்நேம் இல்ல, அவர் இதை எப்படி நிரப்புவார்?” என்று ஒருவர் கேட்டால் ‘ரிக்வயர்டு’ என்ற சொல்லை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்தக் கேள்வி தோன்ற, இன்டர்நெட் சென்டரில் அந்தப் பெட்டி முன்னால் ஒருமுறையாவது விழித்து நின்றிருக்க வேண்டும். நம் பிள்ளைகளிடம் இருக்கும் அந்த அனுபவம் எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. கற்றுக்கொள்ளப் பெரிய செலவும் இல்லை. எச்டிஎம்எல் பாடங்கள் இணையத்தில் இலவசம். பக்கத்து விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கணினி சொல்லித் தருகிறார்கள். புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் இயங்குகிறார்கள். தேடிப் போகலாம்.

அதுவரை, விண்ணப்பம் போடும் மாணவர்களுக்கு ஒன்று. இனிஷியலை எப்படி விரிப்பது, அப்பா பெயர் முன்னாலா பின்னாலா, ஆங்கிலத்தில் எந்த எழுத்து என்பதைப் பள்ளிச் சான்றிதழைப் பார்த்து ஒருமுறை முடிவு செய்யுங்கள். ஆதார், வங்கி, சாதிச் சான்றிதழ் மூன்றிலும் அதே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கல்லூரி சேரும் முன்பே திருத்துங்கள். லாஸ்ட் நேம் கேட்டால் விரித்த அப்பா பெயரையோ அம்மா பெயரையோ எழுதலாம். சென்டர்காரர் அவசரத்தில் சாதிப் பெயரையோ ஊர்ப் பெயரையோ அடிக்கப் போனால், அனுப்பும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள்.