நர்சுகளிடம் தோற்ற "டெர்மினேட்டர்" அர்னால்டு!

ஒரு நர்சுக்கு எத்தனை நோயாளி? கலிபோர்னியாவில் நடந்த ருசிகரப் போராட்டம்

ராத்திரி நேரம். ஆஸ்பத்திரி வார்டில் 4 கட்டிலில் இருந்து ஒரே சமயத்தில் "சிஸ்டர்... சிஸ்டர்..." என்று குரல் கேட்கிறது. இருப்பதோ ஒரே நர்சு. அவர் யாரிடம் முதலில் ஓடுவார்?

இந்தக் கேள்விக்கு சட்டத்தையே பதிலாக வாங்கியவர்கள் அமெரிக்காவில் உள்ள கலிபோர்னியா மாநில நர்சுகள். அந்தச் சட்டத்தைக் காப்பாற்ற, சினிமா நடிகர் அர்னால்டு சுவார்சநேகருடன் ஒரு வருடம் மல்லுக்கு நின்றார்கள். ஜெயித்தும் காட்டினார்கள்!

கேட்டது என்ன?

1990-களில் செலவைக் குறைக்க ஆஸ்பத்திரிகள் நர்சு வேலைகளில் கை வைத்தன. இருந்த நர்சுகளின் தலையில் சுமை ஏறியது. "ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிதான் என்று சட்டம் போடுங்கள்" என்று நர்சுகள் சங்கம் கொடி பிடித்தது.

1999-ல் சட்டம் வந்தது. அமெரிக்காவில் இப்படி ஒரு சட்டம் போட்ட முதல் மாநிலம் கலிபோர்னியாதான். 2004 ஜனவரி 1-ந்தேதி அமலுக்கு வந்தது. அதன்படி ஒரு நர்சு கவனிக்க வேண்டியது:

தீவிர சிகிச்சைப் பிரிவில் 2 பேர். அவசர சிகிச்சைப் பிரிவில் 4 பேர். சாதாரண வார்டில் 6 பேர். இந்த 6, 2005 ஜனவரியில் 5 ஆகக் குறைய வேண்டும்.

உயிர்க் கணக்கு

இது வேலைக்குச் சோம்பல்பட்டு கேட்டது அல்ல. பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளின் கணக்கை லிண்டா எய்க்கன் குழுவினர் அலசினார்கள். லிண்டாவும் ஒரு நர்சுதான். ஒரு நர்சுக்கு ஒரு நோயாளி கூடினால், ஆபரேஷன் செய்துகொண்டவர் 30 நாளுக்குள் சாகும் அபாயம் 7 சதவீதம் கூடுகிறது என்று 2002-ல் வெளியிட்டார்கள்.

அர்னால்டு போட்ட தடை

அப்போது கலிபோர்னியா கவர்னர் அர்னால்டு. (அங்கே கவர்னர் என்றால் நம்ம ஊர் முதல்-மந்திரி மாதிரி. ஓட்டு வாங்கி வருபவர்.) "போதிய நர்சுகள் இல்லை, செலவு தாங்காது" என்று ஆஸ்பத்திரி முதலாளிகள் முறையிட்டார்கள். 2004 நவம்பரில் அர்னால்டு அரசு, "5 பேர்" விதியை 2008 வரை தள்ளி வைத்தது.

அடுத்த மாதம் லாங் பீச் நகரில் பெண்கள் மாநாடு. அர்னால்டு பேசும்போது நர்சுகள் பேனரை விரித்தார்கள். அவரோ மேடையிலேயே அவர்களைக் கிண்டல் செய்தார். வந்ததே வினை! அதன் பிறகு அவர் போன இடமெல்லாம் நர்சுகளும் போய் கோஷம் போட்டார்கள்.

கோர்ட்டு தீர்ப்பு

நர்சுகள் கோர்ட்டுக்கும் போனார்கள். 2005 மார்ச்சில் சேக்ரமென்டோ கோர்ட்டு, கவர்னர் அரசு செய்தது செல்லாது என்றது. அரசு அப்பீல் செய்தது.

அதே வருடம் நவம்பரில் 4 திட்டங்களுக்கு அர்னால்டு மக்களிடம் ஓட்டு கேட்டார். நர்சுகள் எதிர்ப் பிரசாரத்தில் குதித்தார்கள். நாலும் தோற்றன! அந்த மாதமே அரசு அப்பீலைக் கைவிட்டது.

பலன் என்ன?

2010-ல் லிண்டா குழு மீண்டும் கணக்குப் பார்த்தது. கலிபோர்னியா விகிதப்படி நர்சுகள் இருந்திருந்தால், ஆபரேஷன் நோயாளிகளின் சாவு நியூஜெர்சியில் சுமார் 14 சதவீதமும், பென்சில்வேனியாவில் சுமார் 11 சதவீதமும் குறைந்திருக்கும் என்று தெரிந்தது.

அர்னால்டு 2011-ல் பதவியை விட்டு இறங்கினார். நர்சுகள் வாங்கிய சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது.