ஐந்து பாட்டிலிருந்து ஒரு பாட்டு

ஒரே பாட்டை ஒருவர் ஐந்து தடவை பாடினால் ஐந்தும் ஒரே மாதிரி அமைவதில்லை என்பது பாடிப் பழகினவர்கள் எல்லோரும் அறிந்த விஷயம். முதல் தடவை பல்லவி கம்பீரமாக எழும். ஆனால் சரணத்தின் நடுவில் மூச்சு முட்டிப்போகும். இரண்டாம் தடவை மூச்சுக்குக் குறைவிராது. மேல் ஸ்தாயியில் சுருதி இம்மியளவு இறங்கிவிடும். மூன்றாம் தடவை சுருதியும் லயமும் சுத்தமாக நிற்கும். பாவம் மட்டும் எங்கேயோ விடைபெற்றுப் போயிருக்கும். சபையில் பாடுகிறவருக்கு இதற்குப் பரிகாரம் இல்லை; வாயைவிட்டுப் போனது போனதுதான். ஆனால் ஒலிப்பதிவு செய்கிறவருக்கு ஒரு சலுகை உண்டு. பாடியவற்றையெல்லாம் பத்திரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் நன்றாக வாய்த்த இடங்களை மாத்திரம் பொறுக்கி, கேட்கிறவருக்கு ஒரே அமர்வில் பாடியதாகவே தோன்றும்படி ஒன்றாக இணைத்துவிடலாம். ஒவ்வொரு தடவை பாடிப் பதிந்ததையும் ‘டேக்’ என்றும், பல டேக்குகளிலிருந்து ஒரு பாட்டை உருவாக்கும் வேலையைக் ‘காம்பிங்’ என்றும் ஒலிப்பதிவுக்காரர்கள் சொல்லுகிறார்கள். ஒரு காலத்தில் பெரிய ஸ்டூடியோக்களில் மட்டுமே நடந்துவந்த இந்தக் காரியம், ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மைக்கும் உள்ள எந்த வீட்டிலும் இன்று நடக்கக்கூடியதாகிவிட்டது.

மெழுகுத் தட்டில் ஊசியால் ஒலியைப் பதித்த நாட்களில் இப்படிப்பட்ட யுக்திக்கு இடமே இல்லை. பாதியில் பிசகினால் அந்தத் தட்டைக் கழித்துவிட்டு ஆதியிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. ஜெர்மனியில் 1930-களில் உருவாகி, இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் அமெரிக்காவுக்குப் போய்ச்சேர்ந்து, 1948-ல் ஆம்பெக்ஸ் கம்பெனியின் இயந்திரமாக அங்கே வெளிவந்த காந்த நாடாப் பதிவுதான் இந்த நிலைமையை மாற்றியது. நாடாவைப் பிளேடால் வெட்டலாம். வெட்டின இரு முனைகளைச் சேர்த்து ஒட்டலாம். கால் அங்குல அகலமுள்ள அந்த நாடா வினாடிக்குப் பதினைந்து அங்குல வேகத்தில் ஓடும். அதை நேர்க்குறுக்காக வெட்டினால் ஒட்டின இடத்தில் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்கக்கூடுமாதலால், 45 டிகிரி சாய்வாக வெட்டுவதே வழக்கம். அப்படி வெட்டும்போது, முதல் துண்டின் ஒலி படிப்படியாகத் தேய்ந்து இரண்டாம் துண்டின் ஒலி படிப்படியாக வளருவதற்கு வினாடியில் அறுபதில் ஒரு பங்கு அவகாசம் கிடைக்கிறது. இத்தனை சிறிய அவகாசம், இரண்டு ஒலிகளின் சந்திப்பைக் காதுக்குப் புலப்படாமல் மறைத்துவிடப் போதுமானதாயிருந்தது.

பிளேடின் சாமர்த்தியத்துக்கு உதாரணமாக எப்போதும் எடுத்துச் சொல்லப்படுவது, லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் 1966-ஆம் ஆண்டின் இறுதியில் பீட்டில்ஸ் குழுவினர் பதிவு செய்த ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ என்னும் பாட்டு. அதன் ஏழாவது டேக்கின் தொடக்கமும் இருபத்தாறாவது டேக்கின் பிற்பகுதியும் குழுவைச் சேர்ந்த ஜான் லெனனுக்குப் பிடித்திருந்தன. இரண்டையும் சேர்த்துவிட வேண்டும் என்று தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினிடம் கேட்டுக்கொண்டார். இரண்டுக்கும் சுருதி வேறு, காலப்பிரமாணம் வேறு. ஆயினும், நாடாவின் வேகத்தைக் கூட்டினால் சுருதியும் காலமும் சேர்ந்தே ஏறும், குறைத்தால் இரண்டும் சேர்ந்தே இறங்கும் என்ற இயற்கையான விதி அங்கே கைகொடுத்தது. மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் வேகத்தைச் சரிசெய்து, பாட்டுத் தொடங்கி ஏறக்குறைய ஒரு நிமிஷமாகும் இடத்தில் இரண்டையும் ஒட்டினார்கள். பல வருஷமாகக் கேட்டுவரும் ரசிகர்களிலும் அநேகர், எவரேனும் சுட்டிக்காட்டினாலொழிய, அந்த ஒட்டைக் கண்டுகொள்வதில்லை.

1991-ல் வெளிவந்த புரோ டூல்ஸ் என்னும் மென்பொருள் பிளேடின் வேலையைக் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டுவந்தது. 2004-ல் ஆப்பிள் கம்பெனி கொடுத்த கராஜ்பேண்ட் அதைச் சாதாரணக் குடும்பங்களுக்கும் எட்டச் செய்தது. 2007-ல் வந்த லாஜிக்கின் எட்டாம் பதிப்பு, டேக்குகளை ஒரே உறையில் அடுக்கி மவுஸால் இழுத்தே தேர்ந்தெடுக்கும் வசதியைப் புகுத்தியது. அதே தத்துவம் சிற்சில வேறுபாடுகளுடன் கியூபேஸ், ரீப்பர், ஏபிள்டன் லைவ் முதலியவற்றிலும் இருக்கிறது. பாட்டின் ஒரு பகுதியைக் குறித்து லூப் ரெக்கார்டிங்கை இயக்கினால், அந்தப் பகுதி திரும்பத் திரும்பச் சுழல, நாம் பாடுவதெல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வரிசையிட்டு நிற்கும். எந்த வரிசையில் எந்தச் சொற்றொடர் பிடித்ததோ அதன்மேல் மவுஸை இழுத்தால் அது நிறம் மாறும். மேலேயுள்ள பிரதான வரிசையில் அது மட்டுமே ஒலிக்கும். பிளேடுக்கு இல்லாத ஒரு தயாளகுணம் இந்த மென்பொருளுக்கு உண்டு: மூலப்பதிவு எதுவும் அழிவதில்லை. இன்று தள்ளினதை நாளை மனம் மாறித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இத்தனை சௌகரியம் இருந்தும் பலருடைய வீட்டுப் பதிவுகள் ஒட்டுப்போட்டவை என்று உடனே தெரிந்துவிடுகின்றன என்றால், குற்றம் வெட்டுவதில் அல்ல, பெரும்பாலும் பாடும்போது நேர்ந்த அசிரத்தையில்தான் இருக்கிறது. காலையில் எழுந்தவுடன் பாடும் சாரீரமும் நாலு மணி நேரம் பேசிக் களைத்த சாரீரமும் ஒன்றல்லவாதலால், சேர்க்கவேண்டிய டேக்குகளை ஒரே அமர்வில் பாடிவிடுவது உத்தமம். வாய்க்கும் மைக்குக்கும் சுமார் ஒரு சாண் இடைவெளி என்று வைத்துக்கொண்டால், கடைசி வரையில் அந்த இடைவெளியைக் காக்க வேண்டும். சாதாரணமாகப் பாட்டுக்குப் பயன்படும் மைக்குகள் அருகில் வந்த குரலுக்கு அடித்தொனியைக் கூட்டிவிடுமாகையால், ஒரு வரி கிட்டத்திலும் மறுவரி தள்ளியும் பாடப்பட்டால் இரண்டு பேர் பாடியதுபோல் தோன்றும். பக்கவாத்தியத்தை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாட வேண்டும்; ஸ்பீக்கரில் வைத்தால் அதுவும் மைக்கில் ஏறி, குரலை வெட்டுகிற இடத்திலெல்லாம் தானும் வெட்டுப்படும். ஒரு டேக்கில் மின்விசிறி சுழன்று மறு டேக்கில் நின்றிருந்தால், அந்த வித்தியாசத்தை எந்த மென்பொருளும் முழுதாக மறைத்துவிடாது. அடுத்த வீட்டுக் குக்கரின் விசிலைப் பற்றியோ சொல்லவேண்டியதே இல்லை.

தேர்ந்தெடுக்கும் வேலைக்கு ஸ்டூடியோக்காரர்கள் நெடுங்காலமாகக் கையாளும் சாதனம் ஒரு காகிதம். பாட்டின் வரிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, பக்கத்தில் டேக்குக்கு ஒன்றாகக் கட்டம் போட்டு, கேட்கக் கேட்க நன்றாயிருக்கும் இடத்தில் ஒரு டிக், மிக நன்றாயிருந்தால் இரண்டு, ஆகாததற்குக் குறுக்குக்கோடு என்று போட்டுக்கொண்டே போனால், கடைசியில் பாட்டின் வரைபடம் கையில் இருக்கும். அப்படிக் கேட்கும்போது திரையைப் பார்க்காமலிருப்பது நல்லது. அழகாக எழும்பி நிற்கிற அலைக்கோடு கண்ணை மயக்கிக் காதின் தீர்ப்பைக் கெடுத்துவிடும்.

அடுத்தது வெட்டுகிற இடம். வரியின் தொடக்கத்தில் வரும் மூச்சு எந்த டேக்கின் மூச்சோ, அந்த டேக்கின் சொல்லோடுதான் அது சேர வேண்டும். மூச்சு ஒருவகை, சொல் வேறுவகை என்றால் காது சந்தேகப்படும். மூச்சு இரண்டு தடவை கேட்டாலோ திருட்டு வெளிப்பட்டுவிடும். வரியின் நடுவிலேயே வெட்டித்தான் ஆகவேண்டுமென்றால், தமிழ்ப் பாட்டுக்கு நம் வல்லினம் பெரிய உதவி செய்கிறது. ‘பக்கம்’ என்று சொல்லும்போது அடிநா அண்ணத்தைப் பொருந்தி அடைக்க, காற்றும் குரலும் க்ஷணநேரம் நின்றே விடுகின்றன; ‘பாட்டு’, ‘அப்பா’ என்பவற்றிலும் அப்படியே. அந்த மௌனத்தில் வைக்கிற வெட்டை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. ‘மாலை’, ‘வானம்’ என்பவற்றிலோ குரல் இடைவிடாமல் ஓடுகிறது. நெடிலை நீட்டிக் கமகம் போட்ட இடமானால் இரண்டு டேக்குகளின் அசைவு ஒத்துப்போவது அபூர்வம். வெட்டின இடத்தில் ஒரு முனை தேய மறுமுனை வளரும்படி செய்வதைக் கிராஸ்ஃபேட் என்பார்கள். ஐந்து முதல் இருபது மில்லிவினாடி வரையில் அது இருந்தால் பெரும்பாலும் போதும். அந்த நாளில் சாய்வாக வெட்டின நாடா கொடுத்த அவகாசமும் இந்த எல்லைக்குள்தான் அடங்குகிறது.

இவ்வளவும் கைவேலை, இதற்கு மேலே ஒரு விவேகம் வேண்டும். ஒவ்வொரு வரியிலும் ஆகச் சிறந்ததை எடுத்துக் கோத்துவிட்டால் ஆகச் சிறந்த பாட்டுக் கிடைத்துவிடும் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் அப்படிக் கோத்த பாட்டு, ஒவ்வொரு வரியும் தன் பெருமையையே பேசிக்கொண்டிருக்க, மொத்தத்தில் ஜீவனற்றுப் போவதை அநேகர் அனுபவத்தில் காண்கிறார்கள். வேறு வேறு மனநிலையில் பிறந்த வரிகள் ஒரே மனத்தின் பேச்சாக ஆவதில்லை. ஆகையால், குறைகள் இருந்தாலும் தொடக்கம் முதல் முடிவு வரையில் பாவம் தொடர்ந்து ஓடுகிற ஒரு டேக்கை முதலில் மூலமாகக் கொள்ள வேண்டும்; அதில் குறைபட்ட இடங்களுக்கு மாத்திரம் மற்றவற்றிலிருந்து கடன் வாங்க வேண்டும். கிழிந்த துணிக்கு ஒட்டுப்போடலாம். ஒட்டுத்துணிகளையே ஒன்றாகத் தைத்துப் புடவை என்று கொடுத்தால் யார் உடுத்துவார்கள்?

கனடா நாட்டுப் பியானோ மேதை கிளென் கூல்ட், 1964-ல் கச்சேரி மேடையையே துறந்து ஒலிப்பதிவுக்குத் தம்மை அர்ப்பணித்துக்கொண்டவர். இரண்டு வருஷம் கழித்து எழுதிய கட்டுரையில் தம் அனுபவம் ஒன்றை விவரிக்கிறார். பாக் இயற்றிய ஒரு ஃபியூகை எட்டு டேக்குகள் வாசித்ததில், ஆறாவதும் எட்டாவதும் குறையின்றி முழுதாக அமைந்திருந்தன. சில வாரங்கள் கழித்துக் கேட்டபோது, ஒன்று ஆதியோடந்தமும் கனத்த நடையாகவும், மற்றது ஆதியோடந்தமும் துள்ளல் நடையாகவும் இருந்து, இரண்டுமே அலுப்புத் தட்டுவதை உணர்ந்தார். நல்லவேளையாகக் காலப்பிரமாணம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாயிருந்தமையால், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஆறாவதையும் நடுப்பகுதிக்கு எட்டாவதையும் கொண்டு ஒரு புதிய வாசிப்பை உண்டாக்கினார். பிழையை மறைக்க அவர் வெட்டவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இரண்டு டேக்கிலும் பிழையே இல்லை. பியானோவின் முன் உட்கார்ந்திருந்தபோது தோன்றாத ஓர் அமைப்பு, பின்னால் உட்கார்ந்து கேட்டபோது தோன்றியது. இது மோசடியல்லவா என்று கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. பாடுவது ஒரு கலை; பாடினதைக் கேட்டுத் தீர்மானிப்பது மற்றொரு கலை; ஒலிப்பதிவு இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

ஆனால் எல்லாச் சங்கீதத்துக்கும் இது ஒரே அளவில் பொருந்தாது. வரியும் மெட்டும் தாளமும் நிச்சயமான மெல்லிசைக்கும், சங்கதிகளின் எண்ணிக்கையும் வரிசையும் மாறாமல் பாடப்படும் கீர்த்தனைக்கும் இது நன்றாகப் பொருந்தும். ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் ஆகியவற்றிலோ ஒரு பிடி அதற்கு முந்தின பிடியிலிருந்து முளைக்கிறது. நேற்றைய ஆலாபனையின் நடுவில் இன்றைய பிடியைச் செருகினால், சுருதி ஒத்தாலும் சிந்தனை ஒத்துப்போகாது. மனோதர்மத்தை ஒரே டேக்காக, குறையோடும் நிறையோடும் அப்படியே விட்டுவிடுவதுதான் முறை.

டிக் போட்ட காகிதத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் பலர் அதைக் கசக்கி எறிந்துவிடுகிறார்கள். அதில் ஐந்து கட்டத்திலும் ஒரு டிக்கும் விழாத வரி ஒன்றிரண்டு இருக்கும். எந்த டேக்கிலும் இல்லாததை எந்தக் காம்பிங்கும் கொண்டுவந்து சேர்க்காது. அந்த வரியைத் திரையில் இழுத்து இழுத்துப் பார்ப்பதை விட்டு, கம்ப்யூட்டரை மூடி, சுருதிப்பெட்டியைப் போட்டுக்கொண்டு நாலு நாள் சாதகம் செய்து, பிறகு பாட்டு முழுவதையும் ஆறாம் தடவையாகப் பாடிப் பதிவதே சரியான வழி. பெரும்பாலும் அந்த ஆறாவது டேக்கே மூலமாகிவிடும். கடன் வாங்கவேண்டிய இடங்களும் பாதியாகக் குறைந்திருக்கும்.