நெற்றிப் பட்டை காட்டும் எண்

கொரோனாக் காலத்திற்குப் பின், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியை அறியாத வீடு அரிது. அதில் 95க்குக் கீழே இறங்கினால் கவனிக்க வேண்டும் என்பதும் பலருக்கு மனப்பாடம். அம்பாசமுத்திரத்திலிருந்து இதய அறுவைக்காகத் திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ சென்ற நோயாளியின் நெற்றிப் பட்டை 68 என்று காட்டினால், உறவினர்கள் அஞ்சுவது இயல்பே. ஆயினும் இரண்டும் வெவ்வேறு அளவுகள்.

விரல் கருவி தமனி இரத்தத்தை அளக்கிறது. 1974இல் ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அயோயாகி வெளியிட்ட முறை, நாடியோடு துடிக்கும் இரத்தத்தை மட்டும் பிரித்துப் பார்க்கிறது. துடிக்காத சிரை இரத்தத்தை விட்டுவிடுகிறது. உறுப்புகளுக்குத் தேவையானது கிடைத்ததா என்பதை உணர்த்துவதோ அந்தச் சிரை இரத்தம்தான். நதியுண்ணிக் கால்வாயின் தலைமடையில் விட்ட நீரை மட்டும் அளந்தால் போதுமா? கடைமடையில் மிஞ்சியதையும் பார்த்தால்தான் வயல்கள் குடித்தது தெரியும். ஓய்விலுள்ள உடல், வந்த ஆக்சிஜனில் ஏறத்தாழக் கால் பங்கை எடுத்துக்கொள்கிறது. எனவே சிரையில் 70 விழுக்காட்டையொட்டி இருப்பது இயல்பு. இதயம் தளர்ந்தாலோ இரத்தம் இழந்தாலோ இந்த மிச்சம் குறையும். விரலில் 98 இருக்கும்போதே அது நிகழலாம்.

இதனை அறியக் கழுத்துச் சிரை வழியே இதயத்தருகே குழாய் செலுத்தி, ஒவ்வொரு முறையும் இரத்தம் எடுப்பது வழக்கம். மூன்று கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் மொத்த இரத்தமே ஏறத்தாழ 250 மில்லிதான். அங்கு ஒவ்வொரு மில்லியும் கணக்கு.

அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் யோப்சிஸ், அகச்சிவப்பை ஒட்டிய ஒளி தோலையும் எலும்பையும் கடந்து மூளையின் ஆக்சிஜன் நிலையைக் காட்டும் என்று 1977இல் நிறுவினார். நெற்றிப் பட்டையின் அடிப்படை அதுவே. அவ்வொளி சந்திக்கும் இரத்தத்தில் பெரும்பகுதி சிரை இரத்தம். தமனி இரத்தமும் கலந்திருப்பதால் இதனைத் தூய சிரை அளவென்று நாங்கள் கொள்வதில்லை. பட்டைக்குக் கீழுள்ள இடத்தை மட்டுமே அது காட்டும். கடும் நோய்த்தொற்றில் திசுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்த இயலாமல் போனால், சிரை அளவு உயர்ந்தும் நிற்கும். அப்போது குழாய் வழி மாதிரியும் பிற சோதனைகளும் தேவைப்படும்.

ஆகவே நாங்கள் தனி எண்ணைவிட அதன் போக்கையே பார்க்கிறோம். மயக்கம் கொடுக்குமுன் குறித்த அளவிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் இரத்த அழுத்தம், சுவாசம், இரத்தத்தின் அளவு ஆகியவற்றை உடனே ஆராய்வோம்.

உறவினர்களுக்கு ஒன்று: பாபநாசம் கோயில் திருநீறானாலும் தலைக்கு வைத்த எண்ணெயானாலும், அரங்கிற்குச் செல்லுமுன் நெற்றியைத் துடைத்துவிடச் சொல்வார்கள். பட்டை சரியாக ஒட்டுவதற்காகத்தான், மறுக்க வேண்டாம்.