ஒரு வாய் வெற்றிலையும் ஐவேளைத் தொழுகையும்

குறிகாட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நிற்பது தீவுப்பகுதி மக்களுக்குப் புதிதல்ல. நயினாதீவுக்குப் போகிறவருக்குக் கால் மணி நேரக் கடல்தான். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். கடல் கொந்தளித்தால் படகே ஓடாது. அப்படிக் காத்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் வெற்றிலைச் சரையை அவிழ்ப்பார், நடுத்தர வயதுக்காரர் சிகரட் பற்றவைப்பார், இளைஞர்கள் கைப்பேசிக்குள் குனிந்துவிடுவார்கள். யாருக்கும் அந்த நேரத்தில் வேண்டியிருந்தது வெற்றிலையோ சிகரட்டோ அல்ல. சும்மா நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

தீவுகளில் முஸ்லிம்கள் சிறு தொகையினர். மண்கும்பானிலும் நயினாதீவிலும் அவர்களுக்குப் பள்ளிவாசல்கள் உண்டு. நேரத்தைப் பற்றி அவர்களுடைய மார்க்கம் மிகக் கண்டிப்பாகப் பேசுகிறது. குர்ஆனின் 103ஆவது அத்தியாயம் காலத்தின் மீதான சத்தியத்துடன் தொடங்குகிறது. உடல்நலமும் ஓய்வு நேரமும் மனிதர் பலர் ஏமாந்து இழக்கும் இரண்டு அருட்கொடைகள் என்று நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்திருக்கிறார்கள். இரண்டையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள் என்பது கவனிக்க வேண்டியது. வெறுமையாகக் கிடக்கும் நேரத்தில்தான் உடலைக் கெடுக்கும் பழக்கம் குடியேறுகிறது.

ஊர் வளர்த்த புகையிலை

யாழ்ப்பாணப் புகையிலைக்கு ஒரு காலத்தில் மலையாளக் கரையில் பெரும் பெயர். ஒல்லாந்தர் ஆட்சியிலும் பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியிலும் திருவிதாங்கூருக்குக் கப்பலேறிய முக்கியச் சரக்கு அது. தோட்டத்தில் விளைந்தது வீட்டுத் திண்ணைக்கும் வந்தது. சுருட்டையும் வெற்றிலையோடு சேரும் புகையிலைத் துண்டையும் கெட்ட பழக்கம் என்றே யாரும் நினைக்கவில்லை. கல்யாண வீட்டில் வெற்றிலைத் தட்டு நீட்டுவது மரியாதையாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

அந்த மரியாதைக்கு உடல் கொடுக்கும் விலை அதிகம். இலங்கை ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. பலர் புகையிலையை மட்டும் விட்டுவிட்டு, "வெறும் பாக்குத்தானே" என்று ஆறுதல் கொள்கிறார்கள். அது தவறான ஆறுதல். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டையும் பாக்கையும்கூட மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று 2004இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது. பாக்கிலுள்ள அரிகோலின் போன்ற பொருள்கள் கன்னத்தின் உட்புறத்தை நாராக இறுக்கிவிடும். முதலில் காரம் எரியும், பிறகு வாயை முழுதாகத் திறக்க முடியாமல் போகும்.

தீவில் வாழ்கிறவருக்கு இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. நெடுந்தீவில் வைத்தியசாலை உண்டு. ஆனால் மாரடைப்புக்கோ பக்கவாதத்துக்கோ விசேட சிகிச்சை வேண்டுமானால் கடலைக் கடந்து, புங்குடுதீவு, வேலணை வழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போயாக வேண்டும். நிமிடக் கணக்கில் சிகிச்சை தேவைப்படும் நோய்க்கு அந்தத் தூரம் கொடியது. நோய் வருமுன் காப்பது தீவு மக்களுக்குத்தான் மற்றவர்களைவிட அவசியம்.

நோன்பில் முடிகிறது, பிறகு ஏன் முடியவில்லை?

இலங்கையில் ஒரு நோன்பு பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீள்கிறது. மற்ற நாட்களில் மணிக்கொரு சிகரட் பிடிப்பவரும் சஹரிலிருந்து மஃரிப் வரை ஒன்றையும் தொடாமல் இருக்கிறார். "என்னால் விட முடியாது" என்று அவர் சொல்வது சரியல்ல என்பதற்கு அவரே சாட்சி.

தவறு நடப்பது நோன்பு துறந்த பிறகு. பேரீச்சம்பழமும் கஞ்சியும் முடிந்த கையோடு சிகரட் பற்றிக்கொள்கிறது. நிக்கொட்டீன் நின்றதும் வரும் எரிச்சல், தலைவலி, நிலைகொள்ளாமை ஆகியவை முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். ரமழான் 29 அல்லது 30 நாட்கள். உடல் விடுபடுவதற்கு வேண்டிய காலம் முழுவதும் அந்த ஒரு மாதத்துக்குள் அடங்குகிறது. ஆனால் ஒவ்வோர் இரவும் நிக்கொட்டீனைத் திரும்பக் கொடுத்தால், உடல் ஒவ்வொரு பகலும் முதல் நாளின் வேதனையையே படும். மஃரிபுக்கும் தராவீஹ் தொழுகைக்கும் இடைப்பட்ட அந்த ஒரு சிகரட்டைத் தடுப்பதில்தான் முயற்சி முழுவதும் இருக்க வேண்டும்.

பலன் உடனே தெரியும். கடைசிச் சிகரட்டுக்குப் பின் 20 நிமிடத்தில் இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் இறங்கும். 12 மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள காபன் மொனொக்சைட்டு இயல்பு நிலைக்கு வரும். ஓராண்டில், தொடர்ந்து புகைப்பவருடன் ஒப்பிட்டால் மாரடைப்பு ஆபத்து பாதியாகக் குறையும்.

மதீனா மதுவை விட்ட விதம்

இஸ்லாத்தில் மது ஒரே நாளில் தடுக்கப்படவில்லை. அதில் நன்மையைவிடக் கேடு பெரிது என்ற விளக்கம் முதலில் வந்தது. போதையோடு தொழுகையை நெருங்க வேண்டாம் என்ற கட்டளை அடுத்து வந்தது. முழுத் தடை கடைசியில்தான். இரண்டாவது படியை இன்றைய மருத்துவர்களும் பாராட்டுவார்கள். ஐந்து வேளை தொழுகிறவனுக்குப் பகலில் குடித்துத் தெளிய இடைவெளியே கிடைக்காது. நாள் முழுதும் பரவியிருந்த பழக்கம் இரவின் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டது. முழுத் தடை வந்த அன்று மக்கள் தாங்களாகவே மதுவைத் தெருவில் கொட்டினார்கள்.

பழக்கம் மாற நாட்கள் பிடிக்கும் என்பதை ஆய்வும் சொல்கிறது. இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு புதிய செயல் தானாகவே நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. சிலருக்கு 18 நாட்கள் போதுமாக இருந்தன, சிலருக்கு 254 நாட்கள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஒரு சறுக்கலோடு எல்லாம் போயிற்று என்று கைவிடுகிறவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், உயிராபத்தும் உண்டு. முஸ்லிம் குடும்பங்களில் குடி வெட்கத்தால் மறைக்கப்படுகிறது. அந்த மறைவே சிகிச்சையைத் தாமதப்படுத்துகிறது. பாவம் செய்தவர் என்று ஒதுக்காமல், அவரை வைத்தியரிடம் அழைத்துப் போவதுதான் உறவினரின் கடமை.

வுழூ எடுக்கும்போது

தொழுகையாளி ஒவ்வொரு வுழூவிலும் வாய் கொப்பளிக்கிறார். அந்த வழக்கத்தோடு வாரம் ஒரு முறை கண்ணாடியில் வாயையும் பார்த்துக்கொள்ளலாம். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடிப்பகுதி மூன்றும் முக்கியம். வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், கட்டி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும். வலி இல்லையே என்று தள்ளிப்போடக் கூடாது, தொடக்கத்தில் வலி இருக்காது. யாழ் மாவட்டத்திலேயே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையம் இயங்குகிறது. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதி அதற்குக் கைகொடுத்தது.

இஷாவுக்குப் பிறகு

இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் உட்கார்ந்திருப்பதை நபிகள் நாயகம் (ஸல்) விரும்பவில்லை. இன்றைய வீண் பேச்சு கைப்பேசிக்குள் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். நள்ளிரவு வரை திரையைத் தள்ளிக்கொண்டிருப்பவருக்கு சுபஹும் தவறுகிறது, மறுநாள் சோர்வைப் போக்கச் சீனி போட்ட தேத்தண்ணியும் கூடுகிறது. போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் படுப்பது நல்லது. இரவில் கடலுக்குப் போகும் தொழிலாளர்கள் பகலில் அதே அளவு தூங்கிக்கொள்ள வேண்டும்.

கடைக்காரர்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் இதில் பங்குண்டு. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்குப் புகையிலைப் பொருள் விற்பது குற்றம். பையன் தந்தைக்காகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஜும்ஆ உரையில் வாய்ப் புற்றுநோய் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள். புகையிலையை விட விரும்புகிறவர்கள் தேசிய மதுசாரம் மற்றும் புகையிலை அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்தை அழைத்து ஆலோசனை பெறலாம்.