உப்பங்காற்றில் பூக்கும் கிழங்குகள்

ஒவ்வொரு பங்குனியிலும் ஸ்ரீநகர் டூலிப் தோட்டத்துப் படங்கள் கைப்பேசிகளில் சுற்றத் தொடங்கும். 2007-இல் அந்தத் தோட்டம் திறக்கப்பட்ட பிறகு, வசந்தகாலக் கிழங்குப் பூ என்றாலே டூலிப்தான் என்ற எண்ணம் நம்மூரிலும் வேரூன்றிவிட்டது. ஆனால் கடலோர மரக்காணத்து வீடுகளுக்கு அந்தக் கிழங்கை வரவழைப்பது வீண்செலவு. டூலிப் கிழங்கிலிருந்து பூந்தண்டு நீள வேண்டுமானால் ஏறக்குறைய மூன்று மாதம் 10 டிகிரிக்குக் கீழான குளிர் வேண்டும். மார்கழி இரவிலும் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் இந்தக் கடற்கரையில் அதற்கு வழியேது? ஃபிரிட்ஜில் வைத்துப் பூக்க வைப்பவர்கள் உண்டு; அது அவர்கள் விருப்பம். ஆனால் அந்தக் கிழங்கு மறு ஆண்டு இங்கே பூப்பது அரிது. ஆண்டுதோறும் காசு கொடுத்துப் புதிதாக வாங்கி நடுவதைத் தோட்டம் என்று சொல்ல மனம் வரவில்லை.

நம் கிழங்குகளுக்கு வேண்டியது காய்ச்சலும் பாய்ச்சலும். சித்திரை வெயிலில் உப்பளப் பாத்தியில் உப்பு விளையும் நாட்களில், மழை லில்லிக் கிழங்கு வறண்ட மண்ணுக்குள் சும்மா கிடக்கும். வெங்காயத்தாள் போன்ற நாலைந்து இலைகள் மட்டும் வாடி மேலே தெரியும். ஒரு கோடை மழை மண்ணை நன்றாக நனைத்துவிட்டால், சில நாட்களிலேயே இலைகளுக்கு நடுவிலிருந்து ஒற்றைத் தண்டு கிளம்பி, இளஞ்சிவப்பு மொட்டு நிமிரும். உப்பளத் தொழிலாளிக்கு அதே மழை கூலி இழப்பு என்பதையும் மறக்கக் கூடாது. விளைந்த உப்பு கரைந்து, பாத்தியை மறுபடி பக்குவப்படுத்த வேண்டியிருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஃபுட்பால் லில்லியும் மே மாதவாக்கில் சிவந்த பந்தாகப் பூக்கும். இரண்டு மூன்று நாளில் வாடும் மழை லில்லிப் பூவுக்கு இவ்வளவு இடமா என்று கேட்கலாம். ஆனால் அது ஒருமுறையோடு நிற்பதில்லை. இடையில் நிலம் காய்ந்து மழை பெய்யும்போதெல்லாம் திரும்பவும் பூக்கும்.

மதில் ஓரத்துக்கு விஷமூங்கில் என்னும் கிழங்குச் செடியைவிடப் பொருத்தமானது இந்தக் கரையில் இல்லை. கடலோர மணல்தான் அதன் சொந்த இடம். தக்கை போன்ற தோல் போர்த்திய அதன் விதை கடலில் மிதந்தே கரை மாறும். உப்பங்காற்று அதை ஒன்றும் செய்யாது. மெல்லிய வெள்ளை இதழ்கள் விரிய, மாலைக்குப் பின் மணம் கூடும். கிழங்கில் நஞ்சு இருப்பது உண்மைதான். தின்றால் வாந்தி எடுக்கும். அரளியை வாசலிலேயே வைத்துப் பழகிய நமக்கு இது புதிதல்ல. சிறு பிள்ளைகளும் ஆடு மாடும் எட்டாத மூலையில் வைத்தால் போதும்.

கவலைப்பட வேண்டியது நஞ்சைப் பற்றி அல்ல, சிமென்டைப் பற்றி. மதில் முதல் மதில் வரை பேவர் பிளாக் பதித்துவிட்டு, மூலையில் நாலு தொட்டி வைப்பது வழக்கமாகிவிட்டது. கடலோர மணலுக்கடியில் உப்புநீரின் மேல் நன்னீர் ஒரு மெல்லிய அடுக்காக மிதக்கிறது. மழை இறங்கினால்தான் அது நிலைக்கும். மேலே மூடிவிட்டுக் கீழே போர் போட்டு உறிஞ்சினால் உவர்நீர் ஏறும். அதையே தொட்டிக்கும் ஊற்றினால் இலை நுனி கருகும். மழைநீர் சேகரிப்பு 2003-இலேயே கட்டாயமாக்கப்பட்டும் மண்ணைத் திறந்துவைக்க மனம் வரவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மரக்காணம் உப்பளங்களே மூழ்கினவே, திறந்த மண் என்ன செய்துவிடும் என்பார்கள். அத்தகைய வெள்ளத்தை எந்த முற்றமும் தாங்காது. ஆனால் ஆண்டின் மற்ற மழைகள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றை மணல் குடித்துவிடும். மதிலை ஒட்டி இரண்டு வரிசைக் கல்லைப் பெயர்த்து, மட்கிய எரு கலந்து அரையடி மேடாக்கி, மாசிக்குள் மழை லில்லியை நட்டுவிடலாம். மேட்டில் இருக்கும் கிழங்கு ஐப்பசி அடைமழையிலும் எளிதில் அழுகாது.